எதைக் கொண்டு அளக்கிறோம்? ரீயூனியன் கச்சேரியும் ரசிகர் சண்டையும்

ராக் இசை கேட்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இந்தச் சண்டை உங்கள் காதில் விழுந்துவிடும். எப்போதோ பிரிந்துபோன ஒரு பேண்ட் பல வருடம் கழித்து மறுபடி ஒரே மேடையில் ஏறுகிறது. மறுநாள் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "பிறந்த பலன் கிடைத்துவிட்டது" என்கிறது ஒரு கட்சி. "பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்கிறது இன்னொன்று. இரண்டு பேரும் கேட்டது ஒரே கச்சேரிதான். இரண்டு பேரும் அந்தப் பாடல்களை உயிராக நேசிப்பவர்கள்தான். அப்புறம் எப்படி இவ்வளவு தூரம் விலகுகிறார்கள்?

பல வருடம் இந்தப் பேச்சுகளில் உட்கார்ந்து கேட்டதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயம் உண்டு. ஒருவர் கையில் படி இருக்கிறது, இன்னொருவர் கையில் உழக்கு. இருவரும் அளந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்கிறார்கள், எதால் அளந்தேன் என்று சொல்வதில்லை. புதிதாக வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "கச்சேரி நன்றாக இருந்ததா?" என்பதில்லை. "எதோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே பிரிந்துவிடும்.

இதை விளக்க ஒரே ஒரு பேண்டை எடுத்துக்கொள்கிறேன். லெட் செப்பெலின். காரணம், அவர்கள் பிரிந்த பிறகு மூன்று முக்கியமான மேடைகளில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன. ஒரே பேண்ட், ஒரே பாடல்கள், வேறு வேறு சூழ்நிலை. பாடம் படிக்க இதைவிட வசதியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ரீயூனியன் என்ற சொல். பிரிந்த பேண்டின் பழைய உறுப்பினர்கள் மறுபடி சேர்ந்து வாசித்தால் ரீயூனியன், அவ்வளவுதான். ஆனால் அதற்குள்ளேயே பல வகை உண்டு. பழைய ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி வருவது ஒன்று. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் பிங்க் ஃப்ளாய்ட் அப்படித்தான் வந்தார்கள். ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், மற்ற இருவர் என்று நால்வரும் 1981க்குப் பிறகு அன்றுதான் ஒரே மேடையில் சேர்ந்து நின்றார்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல் இறந்துபோனதால், அந்த நால்வர் கூட்டணிக்கு அதுவே கடைசி மேடையும் ஆயிற்று. ஒருவர் இறந்தோ விலகியோ போன பிறகு வேறு ஆளை வைத்து வாசிப்பது இன்னொரு வகை. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991இல் இறந்த பிறகு, க்வீன் பேண்டின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட்டோடு பாடும்போது பெயரை "க்வீன் + ஆடம் லாம்பர்ட்" என்று போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்தக் கூட்டல் குறி எனக்குப் பிடிக்கும். இவர் அவருக்குப் பதில் இல்லை, கூட வந்தவர் என்று அந்த ஒரு குறி சொல்லிவிடுகிறது.

சரி, செப்பெலினுக்கு வருவோம்.

1968இல் லண்டனில் நான்கு பேர் சேர்ந்தார்கள். கிட்டார் ஜிம்மி பேஜ், பாட்டு ராபர்ட் ப்ளாண்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், ட்ரம்ஸ் ஜான் பான்ஹம். பன்னிரண்டு வருடம் இந்த நால்வரில் யாரும் மாறவில்லை. 1980 செப்டம்பர் 25 அன்று பான்ஹம் இறந்தார். வயது 32. வேறு டிரம்மரைப் போட்டுத் தொடரலாமா என்ற பேச்சு வெளியில் ஓடிக்கொண்டிருந்தபோதே, அந்த டிசம்பர் 4 அன்று மற்ற மூவரும் சின்னதாக ஓர் அறிக்கை விட்டார்கள்: பழையபடி தொடர முடியாது என்று. அதோடு முடிந்தது.

இந்த முடிவு முக்கியம். பின்னால் வந்த எல்லாச் சண்டைக்கும் இதுதான் வேர். "அவர் இல்லாமல் நாங்கள் இல்லை" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு எந்த மேடையில் ஏறினாலும் ரசிகர் கேட்பார்: அப்படியென்றால் இது எந்தப் பேண்ட்?

முதல் முறை 1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட். ஃபிலடெல்ஃபியாவின் ஜேஎஃப்கே ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 90,000 பேர் கூடியிருந்தார்கள், உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. பேஜ், ப்ளாண்ட், ஜோன்ஸ் மூவரும் வந்தார்கள். ட்ரம்ஸுக்கு இரண்டு பேர்: டோனி தாம்ப்சன், ஃபில் காலின்ஸ். காலின்ஸ் அன்று மதியம் லண்டன் வெம்ப்ளியில் பாடிவிட்டு, கான்கார்ட் விமானம் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து அதே நாளில் இங்கே உட்கார்ந்தார். இவர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்க்க அவருக்கு நேரமே இல்லை. வாசித்தது மூன்றே பாடல்கள். பேஜின் கிட்டார் சுருதி விலகியிருந்தது. ப்ளாண்டின் தொண்டை கட்டியிருந்தது.

இரண்டு டிரம்மர் என்றால் சத்தம் இரண்டு மடங்கு கம்பீரமாக இருக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. இரண்டு பேர் ஒரே அடியை அடிக்கும்போது, ஒருவர் கை மற்றவரைவிடக் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு பங்கு பிந்தினாலும் போதும், நம் காதுக்கு அது ஓர் அடியாக விழாது. "டப்" என்பது "டடப்" ஆகிவிடும். பாட்டு முழுக்க இப்படி இருந்தால் அடித்தளமே கலங்கிப்போகும். இரட்டை ட்ரம்ஸ் வைத்து அருமையாக வாசிக்கும் பேண்டுகள் இருக்கின்றன. அவர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து, எந்த அடி யாருக்கு என்று பிரித்துக்கொண்டவர்கள். விமானத்தில் இருந்து இறங்கி நேராக வந்து செய்யக்கூடிய காரியம் இல்லை அது. இதில் யார் மீது தவறு என்று பேஜும் காலின்ஸும் பின்னாளில் வெளிப்படையாகவே ஆளுக்கொன்று சொன்னார்கள். என் கணக்கில் குற்றவாளி யாரும் இல்லை, ஒத்திகை இல்லை, அவ்வளவுதான். லைவ் எய்ட் நிகழ்ச்சி 2004இல் டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அந்த மூவரும் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கே அந்த அளவு மனக்குறை.

இரண்டாம் முறை 1988 மே 14, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் 40ஆம் ஆண்டு விழா. இந்தத் தடவை ட்ரம்ஸில் இறந்தவரின் மகன், ஜேசன் பான்ஹம். வயது 21. மேடையேறும் நேரம் வரை "ஸ்டேர்வே டு ஹெவன்" பாடுவதா வேண்டாமா என்று ப்ளாண்டுக்கும் பேஜுக்கும் வாக்குவாதம். "காஷ்மீர்" பாடலில் ஜோன்ஸின் கீபோர்டு தொலைக்காட்சி ஒலிபரப்பில் வரவே இல்லை. அந்தப் பாட்டின் முதுகெலும்பே அந்தக் கீபோர்டுதான். இதையும் யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. 1994இல் பேஜும் ப்ளாண்டும் மட்டும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள், சுற்றுப்பயணம் போனார்கள். ஜோன்ஸைக் கூப்பிடவில்லை. 1995 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் மைக்கைப் பிடித்த ஜோன்ஸ், என் போன் நம்பரை ஒருவழியாக ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி நண்பர்களே என்று சொன்னார். சத்தம் போடாமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில், பேஸ் வாசிப்பவரை ரசிகர்களும் பத்திரிகைகளும் நடத்தும் விதம் முழுக்க அடங்கியிருக்கிறது. ரீயூனியன் என்றதும் எல்லாரும் பாடகரையும் கிட்டாரிஸ்டையும்தான் பார்க்கிறார்கள். மேடையில் எல்லாரையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது பேஸும் ட்ரம்ஸும்.

மூன்றாம் முறைதான் நம் விஷயம்.

அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்ட்டெகன் 2006 டிசம்பரில் இறந்தார். 1968இல் இந்தப் பேண்டை ஒப்பந்தம் செய்த நிறுவனம் அது. அவர் நினைவாக, அவர் பெயரில் அமைந்த கல்வி உதவித்தொகை நிதிக்காக, லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு கச்சேரி என்று 2007 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நவம்பர் 26 என்று முதலில் தேதி குறித்தார்கள். பேஜ் விரலை உடைத்துக்கொண்டதால் டிசம்பர் 10க்குத் தள்ளிப்போனது. அரங்கில் இடம் சுமார் 20,000 பேருக்கு. கேட்டு வந்த விண்ணப்பங்கள் 2 கோடி. ஒரு டிக்கெட் 125 பவுண்டு, குலுக்கலில் பெயர் வந்தால்தான் கிடைக்கும். பிபிசியின் தர்ம ஏலம் ஒன்றில் ஒரு ரசிகர் இரண்டு டிக்கெட்டுக்கு 83,000 பவுண்டு கொடுத்தார்.

அன்று மூவரின் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளாண்ட் 59, ஜோன்ஸ் 61, பேஜ் 63. ட்ரம்ஸில் மறுபடி ஜேசன், இப்போது 41. தன் அப்பா இறந்த வயதைவிட ஒன்பது வயது மூத்தவர்.

இரண்டு மணி நேரம், பதினாறு பாடல்கள். ஆரம்பித்தது முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, "குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்". இந்தத் தேர்வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய நாட்களில் அவர்கள் மேடையில் அதிகம் வாசித்த பாட்டு இல்லை இது. 1969இல் வந்த பதிவில் ஜான் பான்ஹமின் வலது கால் செய்யும் வேலையைக் கேட்டு டிரம்மர்கள் இன்றைக்கும் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைப் பெடலில், ஒரே காலில், துரித கதியில் மும்மூன்று அடிகளாக விழுந்துகொண்டே இருக்கும். தன் அப்பாவின் பெயரை உலகம் முதன்முதலில் கவனித்த அந்தப் பாட்டோடு மகனை உட்காரவைத்து ஆரம்பிக்கிறார்கள். முதலில் இரண்டு அடி, ஒரு மௌனம். மறுபடி இரண்டு அடி, மறுபடி மௌனம். எல்லாரும் ஒன்றாக நிறுத்த வேண்டும், ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒத்திகை பார்க்காத பேண்ட் அந்த மௌனத்திலேயே மாட்டிக்கொள்ளும். இவர்கள் மாட்டவில்லை. ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பழகிவிட்டு வந்திருந்தார்கள். அந்த ஒத்திகையின் பதிவும் பின்னாளில் வெளியானது.

இப்போது சண்டைக்கு வருவோம். அன்றிரவு பற்றி ரசிகர்கள் எந்தெந்த அளவுகோலை வைத்துப் பேசினார்கள்?

மிகச் சாதாரணமாகப் புழங்கும் அளவுகோல் ஆல்பம். புதிதாகக் கேட்பவருக்கு வேறு அளவுகோலே இருக்காது. ஆயிரம் தடவை ஹெட்ஃபோனில் கேட்ட பதிவு மனதில் கல்வெட்டாக இருக்கிறது. மேடையில் ஒரு நெளிவு மாறினாலும் தப்பு என்று படுகிறது. ஆனால் ஆல்பம் என்பது ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டுவது. பேஜ் ஒரே பாட்டில் பல கிட்டார் பகுதிகளைத் தனித்தனியாக வாசித்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருப்பார். மேடையில் இருப்பது ஒரு பேஜ், இரண்டு கை. 1973இலும் அப்படித்தான். ஆகவே "ரெக்கார்டில் இருப்பதுபோல் இல்லை" என்பது உண்மைதான், ஆனால் அது 2007க்கு மட்டும் பொருந்தும் குறை இல்லை.

அடுத்தது சுருதி. இங்கேதான் அதிகச் சூடு. 2007இல் பல பாடல்களை மூலப் பதிவின் சுருதியிலிருந்து இறக்கி வாசித்தார்கள். வயதாக ஆகக் குரல்நாண்களின் நெகிழ்வு குறைகிறது, மூச்சின் பிடிப்பு தளர்கிறது, உச்ச ஸ்தாயி முதலில் கைவிட்டுப் போகிறது. நம் ஊர்க் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. ஒரு பாடகர் அறுபது வயதில் அரைக் கட்டை, ஒரு கட்டை குறைத்துப் பாடினால், ராகம் மாறிவிட்டது என்று யாரும் எழுந்து போவதில்லை. ராக்கில் இதைப் பெரிய சரிவாகப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: கிட்டார். சுருதியை இறக்கக் கிட்டார் தந்திகளைத் தளர்த்துவார்கள். தளர்ந்த தந்தியின் நாதமே வேறு. கூர்மை கொஞ்சம் மழுங்கும், அடியில் கனம் கூடும். ஆகப் பாட்டின் உயரம் மட்டும் மாறுவதில்லை, நிறமும் மாறுகிறது. அந்த மாற்றம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான ரசனை. எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கனம் அந்த வயதுக்குப் பொருந்துகிறது. ப்ளாண்ட் பழைய அலறலை எட்டிப் பிடிக்க முயன்று உடைந்துபோவதைவிட, தனக்கு எட்டும் இடத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் அழுத்திப் பாடுவது நல்லதென்று நினைக்கிறேன்.

"இளமையில் பாடியதுபோல் இல்லையே" என்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: எந்த இளமை? செப்பெலினின் பழைய கச்சேரிகளை வரிசையாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், 1971இல் ப்ளாண்ட் மேடையில் எட்டிய உச்சங்களில் பலவற்றை 1975இல் அவரே தொடவில்லை. மெட்டைக் கீழே வளைத்துப் பாடினார். அப்போது அவருக்கு வயது 26. "அந்தக் காலத்துக் குரல்" என்று நாம் மனதில் வைத்திருப்பது சில வருடங்களுக்கே இருந்த ஒன்று.

பழைய கச்சேரிகளை எப்படிக் கேட்டார்கள் என்றால், அதற்குப் பெயர் பூட்லெக். பார்வையாளர்களில் யாரோ கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோன ரெக்கார்டரில், அனுமதி இல்லாமல் எடுத்த பதிவு. மிக அதிகமாக பூட்லெக் செய்யப்பட்ட பேண்டுகளில் செப்பெலினும் ஒன்று. அவர்களுடைய மேனேஜர் பீட்டர் கிராண்ட் கூட்டத்துக்குள் இறங்கி ரெக்கார்டர்களைப் பிடுங்கி உடைப்பதற்குப் பேர்போனவர். 1971இல் வான்கூவரில், இரைச்சல் அளவைச் சோதிக்க வந்தவர்களின் கருவியையே பூட்லெக் கருவி என்று நினைத்து உடைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். இவ்வளவு தடுத்தும் நூற்றுக்கணக்கான இரவுகள் பிழைத்திருக்கின்றன. இப்படிக் கேட்டு ஊறியவர்களின் அளவுகோல் ஆல்பம் இல்லை, அந்த இரவுகள். அவர்களுக்கு வேண்டியது பிசகில்லாத வாசிப்பு இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத துணிச்சல். "டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு" எழுபதுகளின் சில இரவுகளில் அரை மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பேஜ் வயலின் வில்லை எடுத்துக் கிட்டார் தந்திகளில் இழுப்பார், பாட்டு எங்கோ போய் எப்படியோ திரும்பி வரும். 2007இல் வில் வந்தது, ஆனால் பாட்டு சுமார் 12 நிமிடத்தில் முடிந்தது. ஆல்பத்தை அளவுகோலாக வைத்தவர் "கச்சிதம்" என்றார். பூட்லெக் ரசிகர் "ஆபத்தே இல்லை" என்றார். இரண்டும் சரி! அன்று அவர்கள் வேண்டுமென்றேதான் சுருக்கினார்கள். முன்பு இரண்டு முறை சறுக்கிய இடம் அது.

அதே பூட்லெக் கூட்டத்தை மயக்கிய ஒரு தருணமும் அன்று இருந்தது. 1976இல் வந்த "ஃபார் யுவர் லைஃப்" பாடலை அவர்கள் அதுவரை எந்த மேடையிலும் முழுதாக வாசித்ததில்லை. முப்பத்தொரு வருடம் கழித்து முதல்முறையாக வாசித்தார்கள். பழையதை மறுபடி காட்டுவதற்கு மட்டும்தான் ரீயூனியன் என்று நினைப்பவர் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். இதில் ஒப்பிட முன்மாதிரி கிடையாது. ஆகவே சண்டையும் கிடையாது. ரசிகர்கள் பெரும்பாலும் ஒன்றுபட்டுப் பாராட்டிய இடங்களில் இதுவும் ஒன்று என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ட்ரம்ஸ். "அவர் இல்லாமல் இது செப்பெலினே இல்லை" என்பது இசையைப் பற்றிய வாதம் இல்லை, விசுவாசத்தைப் பற்றிய வாதம். அதற்குப் பதில் சொல்ல முடியாது, மரியாதைதான் கொடுக்க முடியும். 1980 அறிக்கையில் அந்த மூவரே கொடுத்த வாக்கைத்தான் அந்த ரசிகர் இன்னும் காப்பாற்றுகிறார். ஆனால் ஜேசன் செய்ததைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். அவர் அப்பாவைப் போலவே அடிக்க முயன்று நகல் எடுக்கவும் இல்லை, தன் திறமையைக் காட்ட மாற்றிப்போடவும் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தப் பழைய பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர். எந்த இடத்தில் அப்பா தாளத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடிப்பார், எங்கே இழுத்துவிட்டு அடிப்பார் என்பது கைக்குப் பழகியிருக்கிறது. பின்னால் சாய்வது என்றால் வேகம் குறைவது இல்லை. தாளத்தின் கணக்கு அப்படியே இருக்கும், அடி மட்டும் ஒரு நூல் தாமதமாக விழும். பாட்டு நடக்காமல் ஆடி அசைந்து வருவதுபோல் இருக்கும். "காஷ்மீர்" முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

கடைசியாக, நேரில் இருந்ததும் இல்லாததும். அரங்கில் இருந்த 20,000 பேரின் அளவுகோல் தரையிலிருந்து காலில் ஏறிய அதிர்வு, பக்கத்தில் நின்றவரின் அழுகை, அத்தனை பேரில் நமக்குக் கிடைத்ததே என்ற நன்றி. வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்தது அன்றிரவே யூட்யூபில் ஏறிய செல்போன் துணுக்குகள். 2007இன் செல்போனை நினைத்துப் பாருங்கள். பேஸ் சத்தம் முழுக்கக் கிழிந்து, ப்ளாண்டின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். இந்தத் துணுக்கை வைத்து ஒருவர் "பாடவே முடியவில்லை" என்று தீர்ப்பு எழுதினார், நேரில் இருந்தவர் கொதித்துப்போனார். கச்சேரி முழுவதும் நல்ல ஒலியில் படமாக வர 2012 அக்டோபர் ஆயிற்று. "செலிப்ரேஷன் டே" என்ற பெயரில் திரையரங்குகளில் ஓடியது. அதன் ஆல்பம் 2014இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அதைக் கேட்டு மனம் மாறிய ரசிகர்களை எனக்குத் தெரியும். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: எந்தப் பேண்டின் லைவ் ஆல்பமும் மிக்ஸிங் மேசையைத் தாண்டித்தான் வருகிறது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து, சமன்படுத்தி, சில சமயம் பிசகிய இடத்தைத் தொட்டுத் திருத்தியும் வெளியிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். ஆக, அரங்கில் நின்றவர் கேட்டதும் படத்தில் நாம் கேட்பதும் ஒரே ஒலி இல்லை.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் "ஸ்டேர்வே டு ஹெவன்" முடியும் இடம். அந்தப் பாட்டோடு ப்ளாண்டுக்கு நீண்ட நாள் சங்கடம் உண்டு. எழுதிய வரிகளிலிருந்து வயது அவரை விலக்கிக்கொண்டே போனது. அன்று அதை அமைதியாக, அலட்டாமல் பாடினார். முடித்ததும் மேலே பார்த்து, அஹ்மத், செய்துவிட்டோம் என்றார். கடன் தீர்த்தவர் குரல்.

மறுநாளே உலகம் சுற்றுப்பயணம் கேட்டது. ப்ளாண்ட் வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்கப் பாடகி அலிசன் க்ராஸோடு அவர் பாடிய மென்மையான ஆல்பம் வெளியாகியிருந்தது. அவர் அந்தப் பக்கம் போனார், 2009இல் அது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. மற்ற மூவரும் வேறு பாடகர்களை வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை, விட்டுவிட்டார்கள். ப்ளாண்ட் ரசிகர்களை ஏமாற்றிவிட்டார் என்று இன்றும் கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தின் அடியில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஒரு நாளுக்காக உயிரைக் கொடுத்து வாசிப்பதும், அறுபது ஊரில் அதையே திரும்பத் திரும்பச் செய்வதும் ஒன்று இல்லை.

இதெல்லாம் படித்த பிறகு நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு பாட்டு சொல்கிறேன்: "ராக் அண்ட் ரோல்". 1985 லைவ் எய்டில் அவர்கள் வாசித்த முதல் பாட்டு இது. 2007இல் வாசித்த கடைசிப் பாட்டும் இதுவே. பாட்டு ட்ரம்ஸ் தனியாக அடிப்பதில் தொடங்குகிறது. அந்த எடுப்பு ஒரு பொறி. தாளம் ஆரம்பிக்கும் இடத்தில் அது ஆரம்பிக்காது, முந்தைய சுற்றின் நடுவிலேயே கிளம்பிவிடும். கேட்பவர் ஒன்று எண்ணும் இடத்தில் ட்ரம்ஸ் வேறெங்கோ இருக்கும். கிட்டார் வந்து விழும்போதுதான் கணக்கு நேராகும். அனுபவப்பட்ட டிரம்மர்களே இதில் இடறுவார்கள்.

முதலில் 1985ஐக் கேளுங்கள். ப்ளாண்டுக்கு 36, ஜோன்ஸுக்கு 39, பேஜுக்கு 41. குரலும் விரலும் நல்ல நிலையில் இருக்க வேண்டிய வயது. அப்புறம் 2007. இருபத்திரண்டு வருடம் கூடியிருக்கிறது, இரண்டு மணி நேரம் வாசித்துக் களைத்திருக்கிறார்கள், சுருதி இறங்கியிருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, அந்த ட்ரம்ஸ் எடுப்பு முடிந்து கிட்டார் வந்து சேரும் ஒரு நொடியை மட்டும் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். என் நண்பர் ஒருவர் "வயதானவர்கள் வாசித்தால் என்ன இருக்கப்போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்கு இந்த ஒரு நொடியைத்தான் போட்டுக் காட்டினேன். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, "பாட்டு முழுசா ஓடட்டும்" என்றார்.